நடிகரிடம் அட்வான்ஸ் வாங்கும் நிர்வாகத்துக்கு

அனுப்புநர்: வாய்ப்புத் தேடுவோர், கோடம்பாக்கம்.

பெறுநர்: நிர்வாகம், கட்டண நடிகர் தேர்வு இணையதளம் (கதவு எண், தெரு, ஊர் ஆகியவை தளத்தில் காணப்படவில்லை).

பொருள்: திரைத்துறையில் பணம் போகும் திசையை மாற்றியமைத்தமைக்குப் பாராட்டு – தொடர்பாக.

தமிழ்த் திரைத்துறையில் பணம் காலங்காலமாக ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தது. நடிகருக்குத் தயாரிப்பாளர் அட்வான்ஸ் கொடுப்பார். காஸ்டிங் டைரக்டர் வைத்துக்கொண்டால் அவருக்கான சம்பளமும் தயாரிப்பு நிறுவனத்தின் செலவு. துணை நடிகர்களைக் கூட்டிவரும் ஏஜெண்டுகூடத் தன் கமிஷனைப் பேட்டாவில்தான் பிடித்துக்கொள்வார். படமே இல்லாதபோது நடிகரிடமிருந்து அட்வான்ஸ் வாங்கலாம் என்று கண்டறிந்தது மேற்படி நிர்வாகத்தின் சாதனை.

தளத்தில் பதிவு இலவசம். பதிந்த சற்று நேரத்தில், பிரபல இயக்குநர் ஒருவர் புரொஃபைலைப் பார்த்ததாகச் செய்தி வரும். பெயர் மங்கலாக இருக்கும். மங்கலைத் துடைக்கக் கட்டணம். புகைப்படமே ஏற்றாதவர்களையும் இயக்குநர்கள் இப்படித் தேடி வந்து பார்ப்பதுண்டு. தமிழ் சினிமாவில் திறமையை இதைவிட நுட்பமாகக் கண்டுகொண்டவர் எவருமில்லை. பணம் கட்டியதும் திறக்கும் 'புதுமுகம் தேவை' அறிவிப்புகளில் பல, தயாரிப்பு நிறுவனங்கள் தம் சமூக ஊடகப் பக்கங்களில் இலவசமாக வெளியிட்டவை. சில படங்கள் அதற்குள் ஓடிடிக்கே வந்துவிட்டிருக்கும்.

அடுத்த கட்டம் 'ஷார்ட்லிஸ்ட்'. இதில் எவரும் தோற்பதில்லை. தேர்வானவர் நிர்வாகம் சொல்லும் ஸ்டூடியோவில்தான் போர்ட்ஃபோலியோ எடுக்க வேண்டும். பிறகு பயிற்சிப் பட்டறை. பிறகு 'ஆர்ட்டிஸ்ட் கார்டு'. தென்னிந்திய நடிகர் சங்கத்தின் உறுப்பினர் அட்டைக்கும் இந்தக் கார்டுக்கும் தொடர்பில்லை என்றாலும் பர்ஸில் வைக்க அளவு சரியாக இருக்கும். வாய்ப்புக்கு உத்தரவாதம் இல்லை என்ற உண்மையையும் நிர்வாகம் மறைக்கவில்லை. விதிமுறைகளின் கடைசியில், எறும்பு படிக்கும் அளவு எழுத்தில் அச்சிட்டிருக்கிறது.

உறுப்பினர் கட்டணம் மாதந்தோறும் தானாகப் புதுப்பிக்கப்படும். சேர ஒரு பொத்தான் போதும். விலக மின்னஞ்சல், காத்திருப்பு, மீண்டும் மின்னஞ்சல். 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் நுகர்வோரை ஏமாற்றும் 13 வடிவமைப்பு உத்திகளை ('டார்க் பேட்டர்ன்') பட்டியலிட்டுத் தடை செய்தன. பொய்யான அவசரம் காட்டுவதும் சந்தாப் பொறியும் அவற்றில் அடங்கும். 'இன்னும் 2 இடங்களே உள்ளன' என்ற அறிவிப்பு இன்றும் அதே 2இல் நிற்பதால், பட்டியல் நிர்வாகத்தின் கைக்கு வந்து சேரவில்லை என்றே கொள்ள வேண்டும். வாடிக்கையாளர் தரப்பில் யூபிஐ செயலியின் ஆட்டோபே பகுதியைத் திறந்தால், நிர்வாகத்தின் மின்னஞ்சலுக்குக் காத்திராமல் அனுமதியை ரத்து செய்துவிடலாம்.

கலிஃபோர்னியாவின் சட்டம் இன்னும் கடுமை. அங்கே 2010இல் நடைமுறைக்கு வந்த கிரெகோரியன் சட்டப்படி, வாய்ப்பு வாங்கித் தருவதாகச் சொல்லி முன்கூட்டியே பணம் வாங்குவது குற்றம். விவரங்களைப் பட்டியலிட மட்டும் கட்டணம் பெறும் நிறுவனமும் 50,000 டாலர் பிணைப் பத்திரம் கட்ட வேண்டும். வாடிக்கையாளர் 10 வேலை நாட்களுக்குள் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். நிர்வாகத்தின் நல்லகாலம், ஹாலிவுட்டுக்கும் கோடம்பாக்கத்துக்கும் இடையே கடல் இருக்கிறது.

நிர்வாகத்துக்கு இடையூறாக இருப்பவர்கள் உதவி இயக்குநர்கள். ஒப்பனையில்லாத இரண்டு புகைப்படங்கள், ஒரு நிமிட அறிமுக வீடியோ, வயது, உயரம் ஆகியவற்றை வாங்கிக்கொண்டு, சல்லிக்காசு கேட்காமல் ஆடிஷன் வைக்கிறார்கள். தயாரிப்பு நிறுவனங்களும், தங்கள் பெயரில் எவரேனும் ஆள் எடுத்தால் அதிகாரபூர்வப் பக்கத்தில் சரிபார்க்குமாறு அறிக்கை விட்டு வியாபாரத்தைக் கெடுக்கின்றன. ஆடிஷனுக்குப் பணம் கேட்டால் அது ஆடிஷனே இல்லை என்ற பேச்சும் வாய்ப்புத் தேடுவோரிடையே பரவிவருகிறது. அதை மறுக்க நிர்வாகம் விரும்பினால், தன் தளத்தின் வழியே நடித்தவர் பெயரையும் வெளிவந்த படத்தின் பெயரையும் மங்கலாக்காமல் ஒருமுறை வெளியிடலாம்.

இணைப்பு: கட்டண ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், திரைப்பிடிப்புகள்.

நகல்: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915; சைபர் நிதி மோசடி உதவி எண் 1930.