எக்ஸாஸ் அண்ணன்

ஆயர் தாவாரில் டட்சன் 120ஒய் வைத்திருக்கும் அண்ணனிடம் வாய் தவறிக்கூட எக்ஸாஸ் பற்றிக் கேட்டுவிடக் கூடாது. தே தாரேக் ஆறி ஆடை கட்டிவிடும். கடைக்காரர் நாற்காலிகளைக் கவிழ்த்து மேசைமேல் ஏற்றத் தொடங்குவார். அண்ணன் அப்போதுதான் இரண்டாவது சிலிண்டருக்கு வந்திருப்பார்.

இப்படி ஒருவர் சித்தியவானிலும் உண்டு, புருவாஸிலும் உண்டு. ஈப்போவில் கேட்கவே வேண்டாம். ஐம்பது கடந்த வயது, நகக்கண்ணில் எப்போதும் கரி. பர்ஸை மறந்துவிட்டு வெளியே வருவார். வெர்னியர் காலிப்பரை மறக்கமாட்டார். கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்க்குமுன் மாப்பிள்ளை வந்த காரின் பின்பக்கம் குனிந்து பார்ப்பார்.

காரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. செகாம்புட்டில் தான் சோங் கம்பெனி பொருத்தி விற்ற வண்டி, 1171 சிசி. பிறந்தபோது இருந்த எக்ஸாஸோடு விட்டால் அது பாட்டுக்கு ஓடும். "மூச்சு முட்டுது தம்பி அதுக்கு" என்பார் அண்ணன்.

சிலிண்டர்களின் புகைக்குழாய்களைச் சேர்க்கும் எக்ஸ்ட்ராக்டர் நாலு-ரெண்டு-ஒண்ணா, நேரே நாலு-ஒண்ணா? இதில் அவர் சொல்வதெல்லாம் சரியாக இருப்பதுதான் சங்கடம். சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை 1-3-4-2. ஆகவே ஒன்றையும் நான்கையும் ஒரு குழாயில், இரண்டையும் மூன்றையும் இன்னொன்றில் சேர்த்தால் ஒன்றின் புகை மற்றதை மறிக்காது; டவுனுக்குள் ஓட்டும் வேகத்திலேயே இழுவை கிடைக்கும். நாலு-ஒண்ணு, எஞ்சின் அலறும்போதுதான் பலன் தரும். பைப் பெருசா இருந்தா நல்லது என்பவனை அவர் பக்கத்தில் உட்கார விடமாட்டார். புகை விரைந்து போனால்தான் பின்னால் அழுத்தம் குறைந்து அடுத்த புகையை இழுக்கும். அகலமான பைப்பில் அது ஆறிப்போய் ஊர்ந்து போகும். எக்ஸாஸை மாற்றினால் கார்புரேட்டர் ஜெட்டையும் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்ரோல் போதாமல் எஞ்சின் சூடேறும். எல்லாம் தலைகீழ்ப் பாடம்.

இவ்வளவும் தெரிந்தவர் தன் காருக்கு மாட்டியிருப்பது ரெண்டரை இஞ்ச் பைப்.

சித்தியவான் சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லோரியை முந்தப் பார்த்தார். சத்தம் முந்திவிட்டது, கார் முந்தவில்லை. ஜேபிஜே ரோட் பிளாக் என்று வாட்சாப்பில் சேதி வந்தால் அன்றைக்குக் கார் கொட்டகையைவிட்டு வராது. அண்ணிக்கு மட்டும் இந்தச் சத்தத்தில் ஒரு வசதி. கார் முச்சந்தியில் திரும்பும்போதே முட்டையை உடைத்துச் சட்டியில் ஊற்றிவிடுவார். கோயில் கூட்டம் லேட்டாகிவிட்டது என்று அண்ணன் பொய் சொல்லவும் வழியில்லை. கார் எத்தனை மணிக்கு எந்தக் கடை வாசலிலிருந்து கிளம்பியது என்பது ஊருக்கே தெரியும்.

"அப்புறம் ஏண்ணே ரெண்டரை?"

"சவுண்டு தம்பி."

அண்ணனின் அப்பா ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அந்தத் தோட்டத்துக் கிராணியிடம் ஒரு 120ஒய் இருந்ததாம். ஆபீசில் ஸ்டார்ட் பண்ணினால் லயம் முழுக்கக் கேட்குமாம். வாசலில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டைக் கைலிக்குள் ஒளிப்பார்களாம். அந்தச் சத்தம் வேண்டும். அதற்காக மஃப்ளர் மாற்றினார், பைப் நடுவிலுள்ள புல்லட்டை மாற்றினார், சீனர் பட்டறையில் பைப்பை வெட்டி ஒட்டி, ஒட்டியதை மறுபடி வெட்டினார். இதில் செலவான வெள்ளியை அண்ணி காதுபட யாரும் கணக்குப் போடுவதில்லை.

அதே தோட்டத்தில் லோரி ஓட்டிய மாமா ஒருவர் போன மாதம் கடைக்கு வந்திருந்தார். கதையைக் கேட்டு வாயிலிருந்த தேயைத் துப்பிவிட்டார்.

"கிராணி காரா? அது மஃப்ளர் இத்துப்போன ஓட்டைடா. கஞ்சப் பய, கடைசி வரைக்கும் மாத்தவே இல்ல."

இருக்கத்தான் செய்யும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகி எக்ஸாஸ் வழியே வருகிறது. ஆபீசுக்கும் லயத்துக்கும் மட்டும் ஓடும் காரில் பைப் சூடேறுமுன் பயணம் முடிந்துவிடும். ஆவி உள்ளேயே தண்ணீராகத் தங்கி இரும்பைத் தின்னும்.

அண்ணன் முகம் செத்துப்போகும் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவர் நாற்காலியை மாமா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு காலிப்பரை வெளியே எடுத்தார்.

"ஓட்டை எந்தப் பக்கம் மாமா? எவ்ளோ பெருசு இருக்கும்?"