துணை வீரர்களின் உயிர்பிழைப்பு விகிதம்: புதுக்கோட்டை மாவட்டத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

2021-இல் வந்த 'தி சூசைட் ஸ்குவாட்' படத்தில் ஒரு கடற்கரைக் காட்சி உண்டு. கோர்ட்டோ மால்டீஸ் என்னும் கற்பனைத் தீவில் ஒரு படை இறங்குகிறது. ஆளுக்கொரு சக்தி, ஆளுக்கொரு உடுப்பு. ஒருவன் தன் கைகளையே கழற்றிப் பறக்கவிடுகிறான். நாம் பாப்கார்ன் பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் பெரும்பாலோர் காலி. ஹார்லி க்வின் பிழைக்கிறாள். கர்னல் ஃப்ளாக் அப்போதைக்குப் பிழைக்கிறார். அவர் கணக்கைப் படம் பின்னால் தீர்த்துக்கொள்கிறது. இது ஹாலிவுட்டின் கண்டுபிடிப்பு என்று நம் இளைஞர்கள் நம்பிக்கொண்டிருப்பது இவ்வாய்வாளரைப் பெரிதும் வருத்துகிறது. இத்துறைக்கான மூலத் தரவு புதுக்கோட்டை மாவட்டத்தில் கல்லிலேயே கிடக்கிறது.

முதலில் வரையறை. படம் முடிந்து பஸ் ஏறுவதற்குள் எவன் பெயர் மறந்துபோகிறதோ, அவனே துணை வீரன்.

புதுக்கோட்டை நகருக்குக் கிழக்கே பொற்பனைக்கோட்டை. சங்க காலக் கோட்டை. மேற்படி படம் வெளியான அதே 2021-இல்தான் இங்கே அகழாய்வும் தொடங்கியது என்பதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. (தள்ளிவிடலாம். ஆனால் ஆய்வுக் கட்டுரையில் அப்படிச் செய்யும் வழக்கமில்லை.) அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அங்கே தமிழி எழுத்துப் பொறித்த ஒரு நடுகல் கிடைத்திருந்தது. ஆநிரைப் பூசலில் மாண்ட கணங்குமரன் என்பவனுக்கு எடுத்த கல் அது. மாடு பிடிக்கப் போகிற கூட்டத்துக்கும் மாட்டை மீட்கப் போகிற கூட்டத்துக்கும் நடந்த சண்டையில் போனவன். அவனுடைய தனிச்சக்தி என்ன என்பது பற்றிக் கல் வாய் திறக்கவில்லை.

இத்தகைய பயணங்களுக்கு அக்காலத்தில் எழுதிவைத்த நடைமுறையே இருந்தது. ஆநிரை கவரப் போவதைப் பாடும் வெட்சித் திணைக்குத் தொல்காப்பியர் பதினான்கு துறை சொல்கிறார். படை கிளம்பும் ஆரவாரம், பாக்கத்தில் நின்று நற்சொல் கேட்பது, ஒற்றன் போய் வருவது, ஊரை வளைப்பது, மாட்டைக் கவர்வது, பங்கு பிரிப்பது, கள் குடிப்பது என்று ஒன்றும் விடவில்லை. நடுவில் 'நோயின்று உய்த்தல்' என்று ஒரு துறை. கவர்ந்த மாட்டுக்கு ஒரு நோவும் வராமல் ஓட்டிவர வேண்டும் என்பது அதன் பொருள். ஆட்களை நோவில்லாமல் திருப்பிக் கூட்டிவருவதற்கு என்று பதினான்கில் ஒரு துறைகூட இல்லை. இவ்வாய்வாளர் மூன்று உரைகளைப் புரட்டிவிட்டார். இல்லை. ஆக, இலக்கணப்படி ஆபத்துமிக்க கூட்டுப் பயணத்தில் உயிருக்கு உத்தரவாதம் உள்ள ஒரே உறுப்பினர் பசு.

அடுத்து கொடும்பாளூர். இதே மாவட்டம், விராலிமலைப் பக்கம். பத்தாம் நூற்றாண்டில் சுந்தர சோழர் ஈழத்துக்கு ஒரு படை அனுப்பினார். தலைமை ஏற்றுப் போனவர் கொடும்பாளூர்ச் சிறிய வேளார். கல்வெட்டு அவரை 'ஈழத்துப் பட்ட', அதாவது ஈழத்தில் மாண்ட, என்ற அடைமொழியோடு குறிக்கிறது. அனுப்பிவைத்த மன்னருக்கு வரலாற்றில் கிடைத்த பெயர் 'பொன்மாளிகைத் துஞ்சிய தேவர்'. ஒருவர் காஞ்சியில் பொன்மாளிகையில் கண்மூடினார். மற்றவர் கடல் கடந்து போய் மண்ணில் விழுந்தார். கல்கி வந்து பார்த்தபோது நிலைமை இன்னும் மோசமாயிற்று. 'பொன்னியின் செல்வ'னில் சிறிய வேளார் கதை தொடங்கும் முன்பே இறந்துபோனவர். வானதியின் அப்பா என்ற அளவில்தான் வருகிறார். அண்ணன் பெரிய வேளார் பூதி விக்கிரமகேசரி மட்டும் பாகம் பாகமாக நடமாடுகிறார். மணிரத்னம் படத்தில் பிரபுவே அந்த வேடத்தில் வந்தார்.

வரலாற்றுப் பூதி விக்கிரமகேசரி தன் பெயரில் ஒன்றும், கற்றளி, வரகுணை என்ற இரு தேவியர் பெயரில் இரண்டுமாகக் கொடும்பாளூரில் எடுத்ததுதான் மூவர் கோயில். மூன்று விமானங்களில் இன்று நிற்பவை இரண்டு. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் மிச்சம். நடு விமானத்துக்குச் சேதமில்லை என்பதை எல்லாப் படைகளின் ஓரத்து ஆட்களும் கவனிக்க வேண்டும்.

இனி முறையியல் சிக்கல். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானங்கள் குண்டடி பட்டுத் திரும்பி வந்தன. எங்கே ஓட்டை அதிகமோ அங்கே கவசம் போடலாம் என்ற பேச்சு எழுந்தபோது, ஓட்டை இல்லாத இடத்தில் போடுங்கள், அங்கே அடிபட்டவை திரும்பி வரவே இல்லை என்று காட்டியவர் புள்ளியியலாளர் ஆபிரகாம் வால்டு. உயிர்பிழைப்புக் கணக்கில் உலகுக்கே வாத்தியாரான அவர் 1950 டிசம்பரில் நம் நீலகிரி மலையில் விமானம் மோதி மனைவியோடு இறந்தார். அப்போது 'கல்கி' இதழில் பொன்னியின் செல்வன் தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. அந்த மரணத்தில் வேடிக்கை பேச இவ்வாய்வாளருக்கு மனம் வரவில்லை.

வால்டுக்குக் கிடைத்தது திரும்பி வந்தவற்றின் தரவு. நமக்குக் கிடைத்திருப்பது திரும்பாதவர் தரவு. நடுகல்லை மட்டும் எண்ணினால் துணை வீரர் இறப்பு விகிதம் சரியாக நூறு சதவீதம். தப்பி வந்தவனுக்கு யார் கல் நடுவார்? அவன் பங்கு பிரித்ததில் வந்த மாட்டைக் கட்டிவிட்டுத் திண்ணையில் படுத்திருப்பான். கிழவனாகி, பேரன்களிடம் கதையைப் பெருக்கிச் சொல்லிச் செத்திருப்பான்.

ஆயினும் ஒரு வழி உண்டு. நடுகல்லுக்குத் தொல்காப்பியம் ஆறு கட்டம் வகுக்கிறது: நல்ல கல்லைத் தேடிக் காண்பது, நாள் பார்த்து எடுப்பது, நீராட்டுவது, நடுவது, பெரும்படையல் இடுவது, வாழ்த்துவது. இதில் ஒன்றைக்கூடச் செத்தவன் செய்ய முடியாது. கல்லைத் தூக்கி நிறுத்தக் குறைந்தது நாலு ஆள், எழுத்து வெட்டத் தெரிந்த ஒருவன், நடுவில் நின்று 'கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்' என்று சொல்ல ஒருவன். ஆக, ஒரு கல்லுக்கு ஆறு பேர் பிழைத்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். இறந்தவனையும் சேர்த்தால் ஏழில் ஆறு. ஏறத்தாழ 86 சதவீதம். கை கழன்று பறக்காத காலத்தில் இது நல்ல விகிதமே.

கல் தூக்கியவர்கள் படைக்குப் போனவர்கள்தானா, வீட்டோடு இருந்த மைத்துனர்களா என்பது அடுத்த கேள்வி. இதற்குப் பெரும்படையலில் யார் யார் இலைக்கு உட்கார்ந்தார்கள் என்று தெரிய வேண்டும். பொற்பனைக்கோட்டையில் தோண்டி எடுத்த பானை ஓடுகளில் படையல் பானை எது, மைத்துனர் பானை எது என்று யாராவது பிரித்துக் கொடுத்தால் ஆய்வைத் தொடரலாம்.