மூக்குத்திக்கு ரசீது கேட்ட ரிசர்வ் வங்கிக்கு

அனுப்புநர்: ஒரு குடும்பத் தலைவி, கும்பகோணம் பக்கம்.

பெறுநர்: ஆளுநர் அவர்கள், இந்திய ரிசர்வ் வங்கி, மும்பை.

பொருள்: அடகு நகைக்கு உரிமைச் சான்று அளித்தல் தொடர்பாக.

பார்வை: 1. தங்களின் 9.4.2025 நாளிட்ட வரைவு. 2. தங்களின் 6.6.2025 நாளிட்ட இறுதி உத்தரவு. 3. எங்கள் பீரோவின் உள்ளறை.

மதிப்பிற்குரிய ஐயா,

நகைக்கடன் கேட்டு வருகிறவர், நகை தன்னுடையதுதான் என்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும் என்று வரைவில் எழுதியிருந்தீர்கள். பெரியவர்கள் சொன்னால் கேட்கிற குடும்பம் எங்களுடையது. பீரோவைத் தலைகீழாகக் கொட்டித் தேடினோம். பிரஷர் குக்கரின் உத்தரவாத அட்டை கிடைத்தது. மூத்தவனின் தடுப்பூசி அட்டை கிடைத்தது. மாமியாரின் அட்டிகைக்குத்தான் ரசீது கிடைக்கவில்லை.

எப்படிக் கிடைக்கும்? அது அவருக்கு அவருடைய அம்மா போட்டது. அந்த அம்மாளின் காசுமாலையை அழித்து இரட்டைவடச் சங்கிலி செய்தார்கள். சங்கிலியில் பாதி சின்ன அத்தையின் கல்யாணத்துக்குப் போனது. மீதியோடு இரண்டு பவுன் சேர்த்து இந்த அட்டிகை ஆனது. செய்த பத்தர் காலமாகிவிட்டார். அவர் பட்டறை இருந்த இடத்தில் இப்போது செல்போன் ரீசார்ஜ் செய்கிறார்கள். எங்கள் நகைகளுக்கு ரசீது கிடையாது ஐயா, வம்சாவளிதான் உண்டு. வேண்டுமானால் பாட்டி கல்யாணத்தில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தைக் கொண்டுவருகிறேன். கழுத்தில் அந்தக் காசுமாலை கிடப்பது தெரியும். எத்தனை காரட் என்பது தெரியாது.

2025 பிப்ரவரியில் தாங்கள் நடத்திய நிதி எழுத்தறிவு வாரத்துக்குப் பெண்களின் வளமையே கருப்பொருள் என்று அறிந்து மகிழ்ந்தோம். ஏப்ரலில் அந்த வளமைக்கு பில் கேட்டீர்கள்.

அவசரத்துக்கு ஆறு மாதச் செலவுப் பணம் கையில் இருக்க வேண்டும் என்று நிதி ஆலோசகர்கள் சொல்கிறார்கள். எங்கள் வீட்டிலும் அது இருக்கிறது. கழுத்திலும் கையிலும் இருக்கிறது. எங்கள் பட்ஜெட்டை எந்த அமைச்சரும் தாக்கல் செய்வதில்லை. ஜூனில் பள்ளிக் கட்டணத்துக்கு வளையல் உள்ளே போகும். சம்பா நடவுக்குச் சங்கிலி போகும். ஐப்பசியில் சொந்தக்காரர் கல்யாணம் வந்தால் சங்கிலியை மீட்டே ஆக வேண்டும். வெறுங்கழுத்தோடு போனால் பந்தியில் சாம்பார் வருவதற்கு முன்பே விசாரணை வந்துவிடும். சங்கிலியை எடுக்க ஆரம் உள்ளே போகும். தை அறுவடையில் நெல் கைக்கு வந்தால் எல்லாம் வீடு திரும்பும், மழை கெடுக்காத வருஷத்தில். இதற்குப் பெயர் கடன் என்கிறீர்கள். எங்கள் பக்கம் இதைப் புரட்டுவது என்போம்.

கடனின் நோக்கத்தையும் கேட்கிறீர்கள்: நுகர்வுக்கா, வருமானம் ஈட்டவா? இதில் ஒரு விளக்கம் வேண்டும். பேத்திக்குக் காதுகுத்து வைக்கப்போகிறோம். மண்டபம், கிடா வெட்டு, தாய்மாமன் சீர் என்று பார்த்தால் அது நுகர்வு. மொய் நோட்டைப் பிரித்தால் வருமானம். நாங்கள் பதினைந்து வருஷமாக ஊரெல்லாம் எழுதிவைத்தது திரும்பி வரவேண்டிய நாள் அது. இந்த விழாவை எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது?

மறு அடகுக்கு வருகிறேன். முன்பெல்லாம் வருஷக் கடைசியில் வட்டியைக் கட்டிவிட்டு நகையை அப்படியே மாற்றி வைப்போம். நடுவில் அது கூடாது என்றார்கள். அசலும் வட்டியும் முழுசாகக் கட்டி, நகையைக் கையில் வாங்கி, பிறகு புதிதாக வைக்க வேண்டுமாம். அசல் கையில் இருக்கிறவள் வங்கி வரிசையில் ஏன் நிற்கிறாள் என்று யாரும் யோசிக்கவில்லை. வங்கி வாசலிலேயே நாள் வட்டிக்குப் பணம் தர ஆள் முளைத்தது. காலையில் அவரிடம் வாங்கி, மதியம் வங்கியில் கட்டி, மறுபடி நகையை வைத்து, கிடைத்ததை அவரிடம் கொடுத்துவிட்டு வீடு வந்தால், நடந்ததெல்லாம் ஒன்றுதான்: ஒரு புது ஆளுக்கு வேலைவாய்ப்பு. கந்துவட்டியை ஒழிக்கத்தானே வங்கிக்கே வந்தோம்?

இப்போது ஒரு பழைய கதை. கோபித்துக்கொள்ளக் கூடாது.

1991 ஜூலையில் தாங்களும் ஒரு நகைக்கடன் வாங்கினீர்கள். அந்நியச் செலாவணிக் கையிருப்பு சில வார இறக்குமதிக்கே காணும் என்ற நிலை. 46.91 டன் தங்கத்தை விமானத்தில் ஏற்றி லண்டனுக்கு அனுப்பி, சுமார் 40 கோடி டாலர் புரட்டினீர்கள். (புரட்டினீர்கள் என்றுதான் சொல்கிறேன், கவனிக்கவும்.) அன்று தங்கள் நாற்காலியில் இருந்தவர் நாகர்கோவிலில் பிறந்த எஸ். வெங்கிடரமணன். வீட்டில் கஷ்டம் வந்தால் எதை எடுக்க வேண்டும் என்று தெற்கத்திக்காரருக்குச் சொல்லித்தரவா வேண்டும்?

எனக்கு அதில் குறையே இல்லை. குடும்ப மானத்தைக் காப்பாற்றினீர்கள். ஆனால் தங்கள் இன்றைய விதிகளோடு அந்த விண்ணப்பத்தை எங்கள் ஊர்க் கிளைக்கு எடுத்துப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தங்கக் கட்டிக்குக் கடன் கிடையாது, நகையும் நாணயமும் மட்டும்தான் என்பது விதி. தாங்கள் கொண்டுபோனது அத்தனையும் கட்டி. ஒரு ஆளுக்கு மொத்தம் ஒரு கிலோ நகைதான் உச்சவரம்பு. தங்களுடையது அதைப்போல நாற்பத்தாறாயிரம் மடங்குக்கும் மேல். நோக்கம் என்ன என்று கேட்டால் பழைய பாக்கி என்றுதான் எழுதியிருக்க வேண்டும். எங்கள் கிளையின் மதிப்பீட்டாளர் கண்ணாடியை இறக்கிவிட்டு, “வீட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டு வாங்க” என்று சொல்லியிருப்பார்.

பணம் வந்தபிறகு தாங்கள் செய்ததும் எங்கள் வழிதான். 2009-ல் சர்வதேச நிதியத்திடம் 200 டன் வாங்கிப் போட்டீர்கள். பிறகும் விடவில்லை, இன்று கையிருப்பு 800 டன்னைத் தாண்டிவிட்டது. விலை ஏற ஏற வாங்கினீர்கள். அதையே நாங்கள் செய்தால் தொலைக்காட்சியில் ஒருவர் வந்து, தங்கம் உற்பத்தி தராத முதலீடு என்கிறார். அவரை ஒருநாள் தங்கள் பக்கம் அனுப்பிவைக்கலாமா?

நியாயமாகச் சொன்னால், இறுதி உத்தரவில் நிறையவே இறங்கி வந்தீர்கள். தமிழ்நாட்டு முதல்வர் கடிதம் எழுதினார், நிதியமைச்சகமும் சிறு கடன்காரர்களை விட்டுவிடச் சொன்னது. இப்போது இரண்டரை லட்சம் வரை மதிப்பில் 85 சதவீதம் கிடைக்கும் (வருஷக் கடைசி வட்டியும் அந்த 85-க்குள் அடக்கம், அதைப் பொடி எழுத்தில் படித்தோம்). வட்டியைக் கட்டினால் புதுப்பிக்கலாம். கடன் அடைத்த பிறகும் வங்கி தன் தவறால் நகையைத் தராமல் இழுத்தால் நாளுக்கு ரூ.5,000 எங்களுக்கு. இது நல்ல விதி, கையெடுத்துக் கும்பிடுகிறேன். ரசீது இல்லாதவர்கள் உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் போதும் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். எனவே:

மேற்படி அட்டிகை, ஒரு ஜோடி வளையல், எட்டுக்கல் பேசரி மூக்குத்தி ஆகியவை எனக்கே சொந்தமானவை என்று இதன்மூலம் உறுதியளிக்கிறேன். பேசரியின் கல்லுக்கு வங்கி மதிப்பு போடாது என்பதையும் அறிவேன். அட்டிகை தனக்கு வர வேண்டியது என்று என் நாத்தனார் நீண்ட காலமாகச் சொல்லிவருகிறார். உரிமை பற்றிச் சந்தேகம் இருந்தால் கடன் தரக் கூடாது என்பது தங்கள் விதி. ஆகவே இந்தச் சந்தேகத்தைத் தங்கள் அதிகாரிகளே நேரில் வந்து தீர்த்துவைத்தால் உபகாரமாக இருக்கும். வருகிறவர்கள் மதியச் சாப்பாட்டுக்கும் ராத்திரி தங்குவதற்கும் தயாராக வரவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள கடன்காரி

இணைப்பு: ரசீதுகள் – இல்லை. பாட்டியின் கல்யாணப் படம் – 1. மொய் நோட்டு – நகல் எடுக்கத் தர இயலாது.