ஓர் உடல், நான்கு உயிர்

அனுப்புநர்:
நான்கு எண்களின் உரிமையாளர் (அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்),
போபோடி, புனே.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
தொலைத்தொடர்புத் துறை,
சஞ்சார் பவன், 20, அசோகா சாலை,
புது தில்லி.

பொருள்: கைபேசிக்குள் குடியிருக்கும் இ-சிம்கள் தூங்குவது, விழிப்பது, சாவது, மறுபடி பிறப்பது தொடர்பாக.

ஐயா,

கடவுள் ஓர் உடலுக்கு ஓர் உயிர்தான் கொடுத்தார். உங்கள் துறை தாராள மனதோடு ஒன்பது கொடுத்திருக்கிறது. ஒருவர் பேரில் ஒன்பது சிம் வைத்துக்கொள்ளலாம். ஜம்மு காஷ்மீர், அசாம், வடகிழக்கு மாநிலங்களில் மட்டும் ஆறு. அது என்ன ஒன்பது என்று சிலர் கேட்கிறார்கள். நவக்கிரகம் சுற்றி வளர்ந்தவனுக்கு அதில் சந்தேகமே வராது. ராகுவுக்கும் கேதுவுக்கும் உடம்பு இல்லை, நிழல் மட்டும்தான். அந்த இரண்டையும் இ-சிம் என்று வைத்துக்கொண்டால் கணக்கு நேராகிவிடும். பத்தாவதாக ஒன்றைப் பிடித்தால் 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டப்படி முதல் தடவைக்கு 50,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த தடவைக்கு 2 லட்சம் வரை அபராதம். சனிப்பெயர்ச்சிப் பரிகாரம்கூட இவ்வளவு செலவு வைப்பதில்லை.

நான் நான்கோடு நிறுத்திக்கொண்டேன். போபோடி தங்களுக்குத் தெரிந்திருக்கும். முளா ஆற்றுக்கு இந்தக் கரையில், பழைய மும்பை நெடுஞ்சாலை ஓரம், கட்கியை ஒட்டிய ஊர். 1869-ல் தொடங்கிய கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையையும் படை முகாமையும் நம்பி எத்தனையோ ஊர்க்காரர்கள் வந்து குடியேறிய பகுதி, தமிழர்களும்தான். அந்தக் காலத்தில் வந்தவர்கள் டிரங்குப் பெட்டியோடு வந்தார்கள். நான் எண்களோடு வந்தேன்.

முதல் எண் தமிழ்நாட்டு எண். ஆதார், வங்கி, ஆம்பூர் வீட்டு சமையல் எரிவாயு எல்லாம் அதில். இரண்டாவது மகாராஷ்டிர எண். வீட்டு ஓனரும் கரண்ட் பில்லும் பிள்ளைகளின் பள்ளியும் அதில்தான் என்னைத் தேடுவார்கள். மூன்றாவது அலுவலகம் கொடுத்தது. நான்காவது, பழைய வேலைக்காலத்தில் வாங்கியது. அதை வீசி எறியலாம் என்றால் வருங்கால வைப்பு நிதிக் கணக்கு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எண்ணை மாற்ற வேண்டும் என்றால் பழைய எண்ணுக்கு ஓடிபி வரும் என்கிறார்கள். அதாவது செத்தவன்தான் வந்து தன் மரணச் சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டும்.

இந்த நான்கும் ஒரே கைபேசிக்குள் இ-சிம்களாக இருக்கின்றன. எட்டுக்கு மேலும் இடம் உண்டு என்று தயாரிப்பாளர் சொல்கிறார். ஆனால் ஒரு நேரத்தில் இரண்டுதான் விழித்திருக்கும், மற்றவை தூங்கும். ஒன்றை எழுப்ப வேண்டுமென்றால் இன்னொன்றைத் தூங்கவைக்க வேண்டும். பகலில் வழக்கமாக மகாராஷ்டிர எண்ணுக்கும் அலுவலக எண்ணுக்கும் விழிப்பு; ஊர் எண் உறக்கம்.

சிலிண்டர்காரருக்கு இது தெரியாது. ஆம்பூரில் அவர் வாசலில் வந்து நிற்பார், ஓடிபி சொன்னால்தான் சிலிண்டரை இறக்குவார். அம்மா என் மகாராஷ்டிர எண்ணுக்குக் கூப்பிடுவார்.

“டேய், சிலிண்டர் வந்திருக்கு. நம்பர் சொல்லு.”

“அம்மா, அந்த சிம் தூங்குது. ரெண்டு நிமிஷம் இரும்மா.”

“பட்டப்பகல்ல அதுக்கு என்னடா தூக்கம்?”

ஊர் எண்ணை எழுப்ப யாரையாவது தூங்கவைக்க வேண்டும். அம்மா பேசிக்கொண்டிருக்கும் எண்ணைத் தூங்கவைத்தால் அம்மாவே அறுந்துபோவார். எனவே பலி அலுவலக எண். அந்த இரண்டு நிமிடத்தில்தான் மேலாளருக்கு என் ஞாபகம் வரும். நான் மெட்ரோவில் போபோடியிலிருந்து போய், சிவாஜிநகர் வருமுன் வண்டி பூமிக்குள் இறங்கும் நேரமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். சிலிண்டர்காரர் அடுத்த தெருவுக்குப் போயிருப்பார்.

ஐயா, இது புகார் அல்ல. இந்த அமைப்பின் அழகை நினைத்து நான் வியக்கிறேன். எண்தான் ஆள் என்று நீங்கள் முடிவு செய்துவிட்டீர்கள். வங்கி என் முகத்தை நம்பாது, கையெழுத்தை நம்பாது, எண்ணுக்கு வரும் ஆறு இலக்கத்தை நம்பும். அப்படியிருக்க, அந்த ஆளை உயிரோடு வைத்திருக்க மாத வாடகை கேட்பதுதான் எனக்குப் புரியாத தத்துவம். ஆதார் அட்டைக்கு ரீசார்ஜ் உண்டா? வாக்காளர் அட்டைக்கு வேலிடிட்டி முடிந்து, “உங்கள் குடியுரிமை நாளை காலாவதியாகிறது” என்று குறுஞ்செய்தி வந்ததுண்டா?

மாதம் என்றால் உங்கள் உலகில் 28 நாள். வருடத்துக்குப் பதின்மூன்று மாதம். நம் பஞ்சாங்கக்காரர்களுக்கு ஆயிரம் ஆண்டுகளாகத் தோன்றாத திருத்தம் இது. 2022-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் தலையிட்டு, 30 நாள் திட்டம் ஒன்றாவது வைத்திருங்கள் என்று நிறுவனங்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. 2024 ஜூலை முதல் வாரத்தில் தனியார் நிறுவனங்கள் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டணத்தை ஏற்றின. தூங்குகிற என் எண்களுக்கும் ஏற்றம் உண்டு. அவை யாரோடும் பேசுவதில்லை, படம் பார்ப்பதில்லை, நாளுக்கு ஒன்றரை ஜிபி கேட்பதில்லை. ஓடிபி வந்தால் காதில் வாங்கிக்கொள்வது ஒன்றுதான் அவற்றின் தொழில்.

அதே ஆண்டு டிசம்பர் 23-ல், டேட்டா இல்லாமல் பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டும் தனித் திட்டம் வைக்க வேண்டும் என்று ட்ராய் விதி கொண்டுவந்தது. மனதாரப் பாராட்டுகிறேன். பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் வாய் திறக்கவே தெரியாத எண்ணுக்கு நான் ஏன் பேச்சுக்கட்டணம் கட்ட வேண்டும்?

இதற்கு முன், 2024 ஜூனில் எண் ஒதுக்கீடு பற்றி ட்ராய் ஓர் ஆலோசனை அறிக்கை வெளியிட்டபோது, பல சிம் வைத்திருப்பவர்களிடம் தனிக் கட்டணம் வாங்கப்போகிறார்கள் என்று செய்தி கிளம்பியது. அப்படியொன்றும் இல்லை, பொய் என்று ட்ராய் உடனே மறுத்தது. மறுத்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஏற்கெனவே வேறு பெயரில் கட்டிக்கொண்டிருப்பதை இன்னொரு முறை அறிவிப்பானேன்?

வாடகை கட்டாத எண்ணின் கதியைச் சொல்கிறேன். முதலில் வெளியே பேச முடியாது, பிறகு உள்ளே வருவதும் நிற்கும், பிறகு மரணம். அதன்பின் 90 நாள் எண்ணை யாருக்கும் கொடுப்பதில்லை என்று 2023-ல் ட்ராய் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. நம் மரபில் மறுபிறவிக்கு யாரும் காலக்கெடு விதிக்கவில்லை. எத்தனையோ ஞானிகள் தயங்கிய இடத்தில் நீங்கள் துணிந்து ஒரு தேதி போட்டீர்கள். கர்மா தொடரும் என்பதற்கும் என்னிடம் சாட்சி உண்டு. என் மகாராஷ்டிர எண் முற்பிறவியில் வேறு யாருடையதோ. அவர் எங்கோ கடன் வாங்கியிருக்கிறார். வசூல்காரர்கள் சுத்தமான மராத்தியில் என்னிடம் வட்டி கேட்கிறார்கள். நான் அவர் இல்லை என்றால், “நம்பர் இதுதானே?” என்கிறார்கள். தங்கள் கொள்கைப்படி அவர்கள் சொல்வதுதான் சரி. எண்தானே ஆள்.

ரத்தான எண்களின் பட்டியல் ஒன்றை உங்கள் துறை வைத்திருக்கிறது. அதைப் பார்த்துக் கணக்குகளைச் சரிசெய்யுங்கள் என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. நல்ல காரியம். வசூல்காரர்கள் கைக்கும் அது ஒரு பிரதி போய்ச் சேர்ந்தால் புண்ணியமாகப் போகும்.

இனி இ-சிம்முக்கு வருகிறேன். இது நம் காலத்தின் அற்புதம். கைபேசிப் பலகையிலேயே பற்றவைத்த ஒரு சில்லு, அதற்கு 32 இலக்க அடையாளம், அதில் நிறுவனத்தின் சர்வரிலிருந்து இறங்கும் ப்ரொஃபைல். பிளாஸ்டிக் இல்லை, தட்டு இல்லை, தொலைத்துவிட்டுத் தேடும் அந்தக் குட்டிக் குத்தூசியும் இல்லை. 2022-ல் அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14-இல் சிம் தட்டையே எடுத்துவிட்டார்கள். 2025-ல் வந்த ஐபோன் ஏருக்கு உலகில் எங்கேயும் தட்டு கிடையாது. தொழில்நுட்பம் இவ்வளவு விடுதலை அடைந்த பிறகு சந்தாதாரர் மட்டும் கொஞ்சம் கட்டுப்பட்டிருக்கிறார். பழைய சிம் இருந்தபோது கைபேசி பழுதானால் குத்தூசியால் குத்தி எடுத்து இன்னொன்றில் போட்டுவிடுவேன். யாரையும் கேட்டதில்லை. இப்போது எனக்குச் சொந்தமான எண்ணை எனக்குச் சொந்தமான இன்னொரு கைபேசிக்குக் கொண்டுபோக நிறுவனத்தின் அனுமதி வேண்டும்.

மழையில் என் கைபேசி ஒருமுறை செத்துப்போனது. போபோடி சௌக்கில் பழுது பார்க்கும் பையன் தட்டைத் திறந்து பார்த்துவிட்டு, “காகா, சிம் குடே ஆஹே?” என்றான். உள்ளேதான் இருக்கிறது, நான்கு இருக்கிறது என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தான். நிறுவனத்தின் கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம், எல்லாக் கடையிலும் ஒரே நாற்காலிதான். மாற்றித் தருகிறோம், அந்த எண்ணுக்கு ஓடிபி வரும், சொல்லுங்கள் என்றார்கள். எண் செத்த கைபேசிக்குள் இருக்கிறது என்றேன். கைபேசியைச் சரிசெய்துகொண்டு வாருங்கள் என்றார்கள். கடைசியில் கைரேகை வைத்து க்யூஆர் கோடு ஒன்று மின்னஞ்சலில் அனுப்பினார்கள். அதைத் திறக்க ஒரு கைபேசி, ஸ்கேன் செய்ய ஒரு கைபேசி. பக்கத்து வீட்டுக்காரரின் கைபேசித் திரையில் என் உயிர் ஒரு கணம் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாக மின்னியது. சிம் மாறிய பிறகு 24 மணி நேரம் குறுஞ்செய்தி வராது, போகாது; ஏழு நாள் வேறு நிறுவனத்துக்கு மாற முடியாது. இந்த இரண்டு விதிகளையும் நான் குறை சொல்ல மாட்டேன். இ-சிம்முக்கு மாற்றித் தருகிறோம் என்று கூப்பிட்டு, எண்ணைப் பிடுங்கி, வங்கிக் கணக்கைத் துடைக்கும் கூட்டம் உண்மையிலேயே இருக்கிறது. ஒரே ஒரு வருத்தம். எண்ணை எடுத்துப்போகத் திருடனுக்கு ஒரு போன்கால் போதுமாக இருக்கிறது, எனக்கு அரை நாள் ஆகிறது.

கடைசியாக ஓர் ஐயம். 2025 நவம்பர் 28-ல் வாட்ஸப், டெலிகிராம் போன்ற செயலிகளுக்கு உத்தரவு போட்டீர்கள்: எந்த எண்ணில் கணக்கோ அந்த சிம் கைபேசிக்குள் எப்போதும் இருக்க வேண்டும்; கணினியில் திறந்தால் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே தள்ள வேண்டும்; 90 நாளில் அமல்படுத்த வேண்டும். அதே தேதியில்தான் உங்கள் துறையின் சஞ்சார் சாத்தி செயலியைப் புதிய கைபேசிகள் எல்லாவற்றிலும் முன்கூட்டியே ஏற்றச் சொன்ன உத்தரவும் போட்டீர்கள். அதை டிசம்பர் 3-ல் திரும்பப் பெற்றுக்கொண்டீர்கள். ஓர் அரசு உத்தரவு வாரத்துக்குள் பிறந்து வளர்ந்து துறவறம் பூண்டதைக் கண்ணால் பார்த்தோம். ஐயம் முதல் உத்தரவைப் பற்றியது. என் வாட்ஸப் ஊர் எண்ணில் இருக்கிறது. ஊர் எண் பகலில் தூங்குகிறது. தூங்குகிற இ-சிம் கைபேசிக்குள் இருக்கிறதா, இல்லையா? நான் அதைத் தொட்டுப் பார்க்க முடியாது. செயலிக்கும் அது கண்ணில் படாது. வருகைப் பதிவேட்டில் அதற்கு டிக் போடுவதா, சுழி போடுவதா? அதிகாலையில் எழுப்பி வருகை சொல்லவைத்துப் பிறகு தூங்கவிட்டால் ஏற்றுக்கொள்வீர்களா?

எனவே தாங்கள் மனமிரங்கி, ஓடிபி கேட்க மட்டும் காது வைத்திருக்கும் எண்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை கட்டும் ‘ஊமை எண் திட்டம்’ ஒன்றை அறிவிக்க வேண்டும். தூக்கம் வேறு, மரணம் வேறு என்று ஒரு சுற்றறிக்கை விட வேண்டும். என் பெயரில் உள்ள ஒரு கைபேசியிலிருந்து என் பெயரில் உள்ள இன்னொன்றுக்கு என் எண் நடந்துபோக, என் கைரேகை ஒன்றே போதும் என்று ஆக்க வேண்டும். இதெல்லாம் கஷ்டம் என்றால், ஆம்பூர் சிலிண்டர்காரரிடம் என் அம்மா முகத்தைப் பார்த்து சிலிண்டரைக் கொடுக்கச் சொல்லி ஒரு கடிதம் போட்டாலும் எனக்குச் சம்மதம். அவருக்கு அம்மாவை இருபது வருடமாகத் தெரியும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள சந்தாதாரர் (1, 2, 3, 4)

தொடர்பு எண்: படிவத்தில் கட்டாயம் என்பதால் எழுதுகிறேன். பகலில் இரண்டாவது எண்ணில் இருப்பேன். சிலிண்டர் வரும் நாளில் மூன்றாவது எண்ணில் இருக்க மாட்டேன். தங்கள் பதிலைப் படிக்க ஓடிபி தேவை என்றால், தயவுசெய்து 28 நாளுக்குள் அனுப்பவும்.