கோழிக்குத் தடை, சிப்புக்குச் சலாம்

காசாவுக்காகக் கொதிப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பிள்ளைகள் மேல் குண்டு போடுகிறவனைப் பார்த்தும் கொதிக்காதவன் சோற்றைத் தின்று என்ன பயன்? என் வயிற்றெரிச்சல் வேறு. இந்த நாட்டில் கொதிப்புக்கும் லைசென்ஸ் வேண்டியிருக்கிறது.

2023 அக்டோபருக்குப் பிறகு, புறக்கணிப்பு என்ற பேரில், பர்கர் தின்றால் பாவம், பொரித்த கோழி தின்றால் பெரும்பாவம், பச்சைக் கடற்கன்னி போட்ட கோப்பையில் காப்பி குடித்தால் நரகம். கூலிமிலும் அதே கதைதான். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டவுனை விட்டுக் கொஞ்ச தூரம் வண்டியை விட்டால் கூலிம் ஹைடெக் பார்க் வருகிறது. ரப்பரும் செம்பனையும் நின்ற சீமையில் 1996இல் திறந்த பூங்கா. நடத்துவது மாநில அரசின் நிறுவனம். அங்கே ஆரம்ப காலத்திலேயே குடிவந்த கம்பெனி இன்டெல். அதே இன்டெல் இஸ்ரேலின் கிர்யாத் காட் நகரில் 2500 கோடி டாலருக்கு ஆலை கட்டப்போவதாக 2023 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. அதே டிசம்பரில்தான் பிரதமர் அன்வார், இஸ்ரேலின் ஸிம் கப்பல்கள் நம் துறைமுகங்களில் ஒதுங்கக்கூடாது என்று தடை போட்டார். கப்பலுக்குத் தடை, சிப்புக்குச் சலாம். (அந்த ஆலை விரிவாக்கம் அடுத்த ஆண்டு நின்றுபோனதாகச் செய்தி வந்தது. அதற்கு நம் புறக்கணிப்பு காரணமென்று யாரும் மார்தட்ட வேண்டாம்.)

இன்டெலை மூடச் சொல்லவில்லை. விடியுமுன் தாமான் முனையில் பேக்டரி பஸ்ஸுக்குக் கால்கடுக்க நிற்பது நம் பிள்ளைகள். தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்றபோது லயத்தைக் காலி செய்து மலிவு வீட்டுக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். அவர்கள் கழுத்தில் தொங்குகிற வேலை அட்டையைப் பிடுங்கினால் காசாவில் ஒரு குண்டும் குறையப்போவதில்லை. அந்த நியாயம் கோழிக்கடையில் மேசை துடைக்கிற பையனுக்கு மட்டும் ஏன் இல்லாமல் போனது? 2024 ஏப்ரலில் கேஎஃப்சி நூற்றுக்கும் மேற்பட்ட கிளைகளைத் தற்காலிகமாக மூடியது. பொருளாதாரச் சூழல் சரியில்லை என்றது கம்பெனி. அந்தக் கம்பெனியில் பெரும்பங்கு ஜொகூர் மாநில அரசின் கழகத்துக்கு. நம் இபிஎஃப் பணமும் அதில் கிடக்கிறது. டெல் அவிவைக் குறிபார்த்து எறிந்த கல் நம் சேமநிதியில் வந்து விழுந்தது. மெக்டோனல்ட்ஸ் மலேசியா இன்னும் ஒரு படி மேலே போய், புறக்கணிப்பு இயக்கத்திடம் 60 லட்சம் வெள்ளி நட்டஈடு கேட்டு வழக்கே போட்டது. 2024 மார்ச்சில் மீட்டுக்கொண்டது.

ஆனாலும் காசாவுக்காக அழ அரசாங்கம் இடம் தந்தது. புக்கிட் ஜாலில் அரங்கில் பிரதமரே மேடையேறினார். பள்ளிக்கூடங்களில் பாலஸ்தீன ஒற்றுமை வாரம் கொண்டாடினார்கள்.

தமிழன் அழுதால்?

முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது 2009 மே 18. கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை செத்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு பிறகு சொன்னது. ஒன்பதே நாளில், மே 27 அன்று, ஜெனீவா மனித உரிமை மன்றத்தில் இலங்கை அரசைத் தட்டிக்கொடுக்கிற தீர்மானம் 29 வாக்குகளில் நிறைவேறியது. அந்த 29இல் ஒன்று மலேசியா. (இந்தியாவும்தான். அந்தக் கணக்கைத் தமிழ்நாட்டுக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.) 2012இலும் 2013இலும் இலங்கையைப் பொறுப்புக்கூறச் சொல்லும் தீர்மானங்கள் வந்தன. இரண்டு முறையும் மலேசியா நடுநிலை வகித்தது. கொன்றவனுக்காகச் சட்டென்று உயர்ந்த கை, கொன்றது யார் என்று கேட்கும்போது முடங்கிப்போனது.

அதோடு விட்டார்களா? செத்துப்போன விடுதலைப் புலிகள் இயக்கத்தை 2014இல் பயங்கரவாதப் பட்டியலில் ஏற்றினார்கள். 2018இல் ஆட்சி மாறியது. சொஸ்மா என்ற பாதுகாப்புச் சட்டத்தின் கொடிய பிரிவுகளை நீக்குவோம் என்று சொல்லி ஓட்டு வாங்கியவர்கள் வந்தார்கள். அவர்கள் காலத்தில்தான், 2019 அக்டோபரில், அதே சொஸ்மாவில் 12 தமிழர்களைத் தூக்கினார்கள். இரண்டு பேர் ஆளுங்கட்சியின் சட்டமன்ற உறுப்பினர்கள்! குற்றம் என்ன? நினைவேந்தல் கூட்டத்தில் பேசியது, கைப்பேசியில் பிரபாகரன் படம் வைத்திருந்தது, இந்த ரகம். அந்த வருஷத் தீபாவளி அக்டோபர் 27இல் வந்தது. அந்த வீடுகளில் யார் எண்ணெய் வைத்துக் குளித்திருப்பார்கள்? ஜாமீனை மறுக்கும் பிரிவு அரசியலமைப்புக்கு முரண் என்று நவம்பரில் உயர்நீதிமன்றமே சொல்லியும் கதவு உடனே திறக்கவில்லை. படம் வைத்திருப்பவனெல்லாம் பயங்கரவாதி என்றால் சட்டத்துக்குத்தான் அவமானம் என்று சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ் 2020 பிப்ரவரியில் வழக்குகளைக் கைவிட்டார். இதைச் சொல்ல நாலு மாதம் ஆயிற்று. அந்த நாலு மாதத்துக்கு எந்த அமைச்சரும் வட்டி கட்டவில்லை.

அரசாங்கத்துக்குச் செலவில்லாத பிணத்துக்கு அரங்கம், தர்மசங்கடமான பிணத்துக்கு லாக்கப். இதுதான் இந்த நாட்டின் போர் எதிர்ப்பு.

தேர்தல் வரும். கட்டம்போட்ட பாலஸ்தீனச் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒய்பி உங்கள் தாமானுக்கும் வருவார். மரியாதையாக உட்காரவைத்துத் தேத்தாரே கொடுங்கள். குடித்து முடித்ததும், 2009 மே 27இல் ஜெனீவாவில் நம் பெயரில் உயர்ந்த கைக்கு என்ன பதில், சொஸ்மாவை என்றைக்கு ரத்து செய்வீர்கள் என்று கேளுங்கள். தேதி சொல்லாமல் அவரைக் காரில் ஏறவிடாதீர்கள்.