காக்காவும் தகர டின்னும்

பொத்துவிலிலிருந்து கல்முனை வரை, ஊருக்கு ஒருவராவது இந்தக் காக்கா இருப்பார். பழைய ரேடியோவைக் கழற்றி வீட்டிலேயே அம்ப்ளிஃபயர் செய்கிறவர். சர்க்கியூட்டில் அவரைக் குறை சொல்ல ஏலாது. கபாசிட்டரின் கூட்டல், கழித்தலை மூன்று தரம் பார்த்துத்தான் ஈயம் வைப்பார். ஆனால் எல்லாவற்றையும் பிஸ்கட் டின்னுக்குள் அடக்கும் நேரம் வந்ததும் ஆளே மாறிவிடுவார். வோல்யூம் குமிழுக்கான ஓட்டையை ஆணியால் குத்தி, கத்தரிக்கோல் நுனியால் அகட்டி, மிச்சத்தைத் திருகியே சமாளிப்பார். கைப்பழக்கம் போதாது என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மயிரிழைக் கம்பியை ஒட்டுகிற கைக்கு ஓட்டை போடவா தெரியாது? ஈயம் வைப்பது இன்ஜினியர் வேலை, தகரம் துளைப்பது கூலி வேலை என்பது அவர் எண்ணம். கோளாறு அங்கேதான்.

அவர் ட்ரில் வாங்கிய பிறகும் நிலைமை மாறாததே இதற்குச் சாட்சி. எடுத்த எடுப்பில் 10 மில்லிமீட்டர் பிட்டை வைத்து அழுத்துவார். அந்தப் பிட்டின் கூம்பு மட்டுமே சுமார் 3 மில்லிமீட்டர் உயரம். டின்னின் தகரமோ அரை மில்லிமீட்டர்கூட வராது. விளிம்பு முழுதாகக் கடிக்கும் முன்பே கூம்பு மறுபக்கம் போய்விடும். பிடிமானமில்லாத பிட் ஆடும், வட்டம் முக்கோணமாகும். காக்கா பிட் செய்த சீனாக்காரனை ஏசுவார். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: முதலில் சென்டர் பஞ்ச்சால் ஒரு குழி, அடியில் ஒரு பலகைத் துண்டு, 3 மில்லிமீட்டரில் தொடங்கிப் படிப்படியாகப் பெருப்பித்து, கடைசியில் உருண்டை அரம். இதில் எது பொத்துவிலில் கிடைக்காது? ஒரே பிட்டில் பல அளவு ஓட்டை போடும் ஸ்டெப் பிட் இல்லை என்பது சாட்டு.

“சத்தம் நல்லா வந்தாச் செரி தம்பி, ஓட்டய ஆரு பாக்கிற?” என்பார். இலங்கை வானொலியின் ஆரம்பத்தையும் இழுப்பார். 1920களில் எட்வர்ட் ஹார்ப்பர் கொழும்பில் ஒலிபரப்பத் தொடங்கியது, பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் பாகங்களை வைத்துத்தானே என்பார். சரிதான், பழைய சாமானில் வேலை செய்வது குற்றமே இல்லை. ஆனால் ஓட்டையின் பிசிறு கரண்ட் வயரின் உறையை அறுத்தால் டின் முழுக்க 230 வோல்ட் ஏறும். அப்போது ஓட்டையை எல்லோரும்தான் பார்ப்பார்கள். துளைத்தபோது உதிர்ந்த சுருள் ஒன்று போர்டில் விழுந்தால், மூன்று தரம் பார்த்த கபாசிட்டரும் போகும். போதாததற்கு உப்புக் காற்று வேறு. பூச்சு உரிந்த விளிம்பில்தான் துரு முதலில் பிடிக்கும்.

ஆகவே காக்கா, குமிழ் ஓட்டை கோணலாய் இருந்தால் பொறுத்துக்கொள்கிறோம். வயர் நுழைகிற ஓட்டைக்கு மட்டும் அரம் பிடித்து, ஒரு ரப்பர் வளையம் போடுங்கள். டின்னுக்கு எர்த் கொடுங்கள். சீனி போட்டு வைத்திருந்த டின் அது, வீட்டில் கேட்டுவிட்டே எடுங்கள்.