கூடாரத்துக்குப் பூட்டு: ஓர் ஆய்வு முன்னுரை

காட்டுக் கூடாரத்தில் தங்குபவருக்கு ஏன் தூக்கம் வருவதில்லை என்ற சிக்கல் முல்லைப்பாட்டுக் காலம்தொட்டுத் தீராமல் கிடக்கிறது. நப்பூதனார் 103 அடிகளில் பாடிய அந்தப் பாசறையில் வசதிக்குக் குறைவில்லை. வாசலில் யவனக் காவலர், விளக்குத் தூண்ட இடையில் வாள் கட்டிய பெண்கள், நாழிகை பார்த்துச் சொல்லத் தனி ஆட்கள். ஆனாலும் மன்னர் கண்மூடவில்லை. புண்பட்ட யானைகளையும் மாண்ட வீரர்களையும் நினைத்து விழித்திருந்தார் என்கிறது பாட்டு. கூடாரத்துக்குப் பூட்டு இல்லாததே காரணம் என்பது எம் துணிபு.

ஆய்வுக்களம், இலங்கையில் யாலா காட்டோரம் கடலை ஒட்டிய ஒரு சொகுசுக் கூடார விடுதி. ஆய்வுக்கு உட்பட்டவர் அம்மா. பிறந்து வளர்ந்தது கனகசெட்டிக்குளம்; சென்னையிலிருந்து ஈ.சி.ஆரில் வந்தால் புதுச்சேரி தொடங்குகிற கடலோர ஊர். ஒரே ஒரு அம்மாவை வைத்து முடிவுக்கு வரலாமா என்று கேட்கும் அறிஞர்கள் தத்தம் அம்மாவை அழைத்துப்போய்ச் சோதிக்கலாம். செலவு அவரவருடையது.

அக்பரின் முகாமைச் சுமக்க 100 யானை, 500 ஒட்டகம், 400 வண்டி வேண்டியிருந்ததாக அபுல் பசல் அயினி அக்பரியில் கணக்கு எழுதியிருக்கிறார். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், சின்ன குக்கர் இவற்றைச் சுமக்க யாம் ஒருவரே வாய்த்தோம்.

அம்மா அறிந்த முகாம்கள் கண் சிகிச்சை முகாமும் புயல் நிவாரண முகாமும்தான். இரண்டும் இலவசம். காசு கொடுத்து முகாமில் தங்குவார்கள் என்பதே அவருக்குப் புதுச் செய்தி.

"இங்க வேலி இல்லை அம்மா. இரவில பன்றி வரும், யானையும் வரலாம். வெளிய வாறதெண்டா டார்ச் அடியுங்கோ, ஆள் வருவார்" என்றார் மேலாளர்.

"வேலி கெடக்கட்டும். பூட்டு எங்க?"

"சிப் இருக்குதானே."

அம்மா ஜிப்பை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தார். பிறகு தாலிச்சரட்டில் தொங்கிய ஊக்கைக் கழற்றி, இரண்டு ஜிப் நுனிகளையும் சேர்த்துக் குத்திவிட்டுப் படுத்தார். அந்த ஊக்கு யானையையும் தடுக்காது, திருடனையும் தடுக்காது. ஆனால் ஐந்தே நிமிடத்தில் குறட்டை கேட்டது. எம் துணிபுக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. (ஆய்வாளர் விடியும்வரை விழித்திருந்தார். அதன் காரணம் விடுதிக் கட்டணம், தனியே ஆராயத்தக்கது.)

மறுநாள் ஜீப்பில் போகையில் துணைச்சான்று ஒன்றும் கிடைத்தது. நட்டநடுப் பாறைமேல் சிறுத்தை ஒன்று காலைப் பரப்பித் தூங்கிக்கொண்டிருந்தது. இலங்கைக் காடுகளில் புலியும் இல்லை, சிங்கமும் இல்லை. தன்னை மிரட்டப் பெரிய வேட்டை விலங்கு இல்லாததால் அங்கே சிறுத்தை பகலிலும் வெளிப்படையாகத் திரிகிறது, படுக்கிறது. அதற்கு ஊக்குத் தேவையில்லை.

யாலாவுக்குள் ஜீப்பை விட்டு இறங்க அனுமதிக்கும் இடங்களுள் ஒன்று பட்டணங்கலைக் கடற்கரை. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அங்கே உயிர்களைக் கொண்டுபோனது, நினைவுச்சின்னம் நிற்கிறது. அதே காலை, அதே கடல் எங்கள் ஊருக்குள்ளும் வந்தது. அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது, ஓட்டுநருக்குத் தமிழ் தெரியாது. அம்மா தண்ணீர் வந்த அளவைக் கழுத்தில் கைவைத்துக் காட்டினார். ஓட்டுநர் தலைக்கு மேலே கையை உயர்த்தினார். இருவரும் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்து நின்றார்கள். இது ஆய்வு எல்லைக்குள் வராததால் கோட்பாடு எதுவும் வகுக்கவில்லை.

திரும்பும் வழியில் அம்மா கேட்டேவிட்டார். "ஒரு ராத்திரிக்கு எவ்ளோடா வாங்கறான்?"

இலங்கை ரூபாயில் சொன்னால் மயக்கம் வரும். நம் ரூபாயில் சொன்னால் சண்டை வரும். எண் சிறியதாக இருக்கட்டுமென்று டாலர்க் கணக்கைச் சொல்லி, டாலரை மட்டும் விழுங்கினேன். "எழுநூறு."

"எழுநூறுதானா? அப்ப அடுத்த தபா சித்தி, சித்தப்பா எல்லாரையும் கூட்டியாந்துடலாம்டா."